எட்டரை மணிப் பதிவு

ஏழிலைப்பாலை பூத்துத் தொண்டையை அடைத்த
ஐப்பசியில் வந்து சேர்ந்தேன்.
பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தி நிற்க
மாற்றல் உத்தரவை மறுபடி படித்தேன்:
அயா நகர் வானிலை நிலையம், தில்லி.

எளிய வேலைதான்.
காலை எட்டரைக்கு வெள்ளைக் கூண்டைத் திறந்து
நான்கு வெப்பமானிகளையும் படிக்க வேண்டும்,
மூச்சு படாமல், சட்டென்று.
பிறகு மேடையேறி
எதுவரை தெரிகிறது என்று எழுத வேண்டும்.
ஐம்பது மீட்டரில் வேம்பு.
நூற்றிருபதில் இலவமரம்.
முந்நூறில் தண்ணீர்த் தொட்டி.
ஒரு கிலோமீட்டரில் கரடு, அதன்மேல்
பாம்பனிலிருந்து எனக்கு முன்பே வந்துவிட்டதுபோல்
சீமைக்கருவேலம்.

கார்த்திகைப் புகையில் கரடு போயிற்று.
மார்கழிப் பாதியில் தொட்டி.
ஒருநாள் இலவமரமும் இல்லை.
நூறு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடும்போதுதான் உறைத்தது,
தெரியாததை அளந்து சம்பளம் வாங்குகிறேன்.

நேகி தேநீர் ஆற்றியபடி கேட்டார்:
ஓஸுக்கு உங்கள் மொழியில் என்ன?
பனி.
கோஹ்ரா?
மூடுபனி.
பாலா?
உறைபனி.
எங்கள் மலையில் கூரை முறிய விழுமே, பர்ஃப்?
அதுவும் பனிதான்.
பாவம், உங்களூரில் ஒன்றுமே விழுவதில்லை போல, என்றார்.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சொன்னவர்கள்
தரையில் வெப்பமானி வைத்துப் பார்த்ததில்லை.
நான் வைத்தேன்.
புல் நுனியில் பூஜ்யம் புள்ளி நான்கு.
முசுக்கொட்டை மரம் ஒரே வாரத்தில் மொட்டையாகி
எதற்கும் வெட்கப்படாமல் நின்றது.

மழைமானி விளிம்பில் அந்தக் குருவியை
எப்போது முதலில் பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.
அடுப்புக்கரியில் செய்து
வயிற்றையும் வாலையும் மட்டும் தணலில் விட்டுவைத்தாற்போல்.
உட்கார்ந்த இடத்தில் வால் ஓயாமல் உதறியது.
திர்திரா, என்றார் நேகி, நடுங்கி என்று அர்த்தம்.
இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா,
அதற்குள்ளே வெடவெடக்கிற எனக்கு
அப்பாடா, ஒரு கூட்டாளி.
பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
4.2 டிகிரி. குருவி குளிரில் நடுங்குகிறது.

மறுநாளும் நடுங்கியது. அதற்கடுத்த நாளும்.
பிறகு ஒரு மதியம், நல்ல வெயில்,
நேகி மேல்சட்டையைக் கழற்றி
வேலியில் போட்டுவிட்டு வேர்க்கடலை உரிக்கிறார்,
வெப்பமானியில் இருபத்தொன்று.
கடலைத் தோல்களுக்கு நடுவே எறும்பு கொத்துகிற குருவிக்கு
வால் அதே போல்தான் உதறுகிறது.

குளிரில் என்பதை அழித்தேன்.

அது எங்கிருந்து வருகிறது தெரியுமா, என்றார்.
என் ஊருக்கும் மேலே.
இந்நேரம் அங்கே ஓடை கல்லாகியிருக்கும்.
கதகதப்புக்காக இறங்கி வருகிறது.

கடலையை மென்றுகொண்டே கேட்டேன், விழுங்க மறந்து.
கதகதப்புக்காக.
இங்கே.
நான் பல் கிட்டித்து ஓட்டுகிற இந்த ஊர்
அதற்குத் தெற்கு.
மலை இறங்கி, கோதுமை வயல்கள் தாண்டி,
எனக்குப் பாம்பன் எப்படியோ அப்படி.

அன்றைக்கென்று குளிர் குறைந்துவிடவில்லை.
மறுநாள் 3.8.
குல்லாவை மட்டும் காதுக்கு மேலே ஏற்றிவிட்டேன்,
அது கிட்டிக் கிட்டிச் சத்தம் போடுகிறதாமே,
இத்தனை நாள் கேட்டதேயில்லை.

மாசிக் கடைசியில் இலவமரம்
ஓர் இலையுமின்றிப் பூத்தது.
மூட்டத்தில் மரத்துக்கு முன்னால் சிவப்புதான் வந்தது.
நூற்றிருபது என்று எழுத
அடிமரம் தெரியும்வரை காத்திருக்க வேண்டுமா?
விதிப் புத்தகத்தில் தேடினேன். பூ பற்றி ஒன்றுமில்லை.

பங்குனியில், ஊரெல்லாம் துளிர்க்கிற நேரத்தில்,
வேம்பு இலை கொட்டத் தொடங்கியது.
அதன் கணக்கு அதற்கு.
கரடு தெரிந்தது. கரடுக்குப் பின்னால்
நான் வந்ததிலிருந்து பார்த்திராத செங்கல் சூளைப் புகைபோக்கியும் தெரிந்தது.
நான்கு கிலோமீட்டர் என்று எழுதினேன்.

மழைமானி விளிம்பு காலி.
பென்சிலை எடுத்தேன்.
குருவி தெரியவில்லை,
எத்தனை மீட்டரில் என்று போடுவது?